தேர்தலும் மந்திரித்த விபூதியும்

ராஜ்ஜியத்தில் முட்டுக்கட்டை ஏற்பட்டுவிட்டால், காலத்துக்கு முன்பே ஒரு பொதுத்தேர்தலை நடத்தினால் சகலமும் சரிப்பட்டுவிடும் என்பதாகச் சிலர் சொல்லித் திரிகின்றார்கள். காய்ச்சலுக்கு மந்திரித்த விபூதி கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கின்றோம்.

இங்கிலாந்தைப் பாருங்கள். 2017-ல் பிரதம மந்திரி தெரசா மே அம்மையார், ஐரோப்பிய ஐக்கியத்தை விட்டு விலகும் காரியத்துக்குப் பலம் வேண்டுமென்று சொல்லி, ஏறக்குறைய மூன்று வருஷம் முன்னதாகவே தேர்தல் வைத்தார். 330 ஸ்தானம் 317 ஆயிற்று; இருந்த மெஜாரிட்டியும் போயிற்று. 2019 ஜனவரியில் அவரது ஒப்பந்தம் பார்லிமெண்டில் 230 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது.

அப்படியானால் அதே 2019 டிசம்பர் தேர்தலில் ஜான்சன் 365 ஸ்தானம் பெற்று, மறுமாதமே விலகலை முடிக்கவில்லையா என்று கேட்கலாம். வாஸ்தவந்தான். ஆனால் அப்போது ஜனங்கள் முன் கையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது; வேண்டுமா, வேண்டாமா என்பதே கேள்வி. 2017-லோ காட்டுவதற்கு ஒப்பந்தமே கிடையாது. கேட்காத கேள்விக்கு ஜனங்கள் எப்படிப் பதில் சொல்லுவார்கள்?

ஆதலால் தோழர்களே, தேர்தல் வேண்டுமென்று கூச்சல் போடுகின்றவர்களை, "எங்களிடம் எதைக் கேட்கப் போகின்றீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல யோக்கியதை இல்லாதவர்கள் கேட்பது உங்கள் முடிவையல்ல, உங்கள் ஓட்டை மாத்திரமே.