கெட் அவுட்: சிரித்த முகத்தின் பயங்கரம்

உளவியல் த்ரில்லர் என்று வருகிற படங்களில் பெரும்பாலும் ஒரே சங்கதிதான். எவனோ ஒருத்தனுக்குப் புத்தி பேதலிக்கும், கொலை செய்வான், அவனைப் பிடித்ததும் சமூகம் சுத்தமாகிவிடும். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) போட்டுக்கொடுத்த தடம் இது. ஜோர்டான் பீல் 2017இல் எடுத்த ‘கெட் அவுட்’ இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. இங்கே பைத்தியம் பிடித்திருப்பது தனி ஆளுக்கு அல்ல. படித்த, பண்பான, தாராளவாத வெள்ளைக் குடும்பத்துக்கு. அதன் விருந்துக்கு வருகிற அத்தனை பேருக்கும்.

கிறிஸ் கறுப்பின இளைஞன், புகைப்படக்காரன். காதலி ரோஸ் வீட்டாரைப் பார்க்கப் போகிறான். அவள் அப்பன் மூளை அறுவை மருத்துவன். முடிந்திருந்தால் ஒபாமாவுக்கு மூன்றாவது தடவையும் ஓட்டுப் போட்டிருப்பேன் என்று பெருமையடிக்கிறான். அம்மாக்காரி தேநீர்க் கோப்பையில் கரண்டியைச் சுழற்றியே கிறிஸை மயக்கத்தில் ஆழ்த்துகிறாள். கண் பார்க்கிறது, உடம்பு அசையவில்லை, கத்தினால் குரல் வரவில்லை. ஒடுக்கப்பட்டவனின் நிலையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பிம்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

விருந்தில் யாரும் அவனைத் திட்டுவதில்லை. புஜத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள், உடல்வாகைப் புகழ்கிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, நடந்தது ஏலம். பிங்கோ அட்டையைத் தூக்கிச் சத்தமில்லாமல் விலை கேட்கிறார்கள். “நாங்கல்லாம் சாதி பாக்கறதில்ல சார்” என்று பக்கத்து மேசையிலிருந்து ஆரம்பிக்கிற பேச்சை வங்கியில் கேட்டுக் கேட்டுப் பழகின எனக்கு அந்த விருந்து அந்நியமாகப் படவில்லை. நாற்காலியிலிருந்து பிய்த்த பஞ்சைக் காதில் அடைத்துத்தான் கிறிஸ் தப்பிக்கிறான். முன்னோரை அடிமைகளாக வைத்துப் பறிக்க வைத்த அதே பருத்தி. வசனமில்லாமல் வரலாறு பேசுகிற இடம்.

குறைகளும் உண்டு. முதலாவது, கறுப்பு உடம்புக்குள் வெள்ளை மூளையை வைக்கும் அறுவை. தொலைக்காட்சிப் பெட்டியில் பாடம் எடுத்தாற்போல அதை விளக்கியதும் பயம் சுருங்கி, பழையபடி கிறுக்கு டாக்டர் கதையாகிவிடுகிறது. ஊரறிய நடக்கிற குற்றம் ஒரு ரகசியக் கும்பலின் குற்றமாகிறது. பார்க்கிற வெள்ளைக்காரன் “நான் அப்படியில்லை” என்று எழுந்து போகலாம். 45 லட்சம் டாலரில் எடுத்த படம் 25 கோடிக்கு மேல் வசூலித்ததற்கும், அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரை 2018இல் வாங்கிய முதல் கறுப்பராகப் பீல் ஆனதற்கும் இந்தச் சௌகரியமும் ஒரு காரணமோ என்று சந்தேகப்படுகிறேன்.

இரண்டாவது, வேலைக்காரி ஜார்ஜினா. உடம்பு ஒரு கறுப்புப் பெண்ணுடையது. உள்ளே குடியிருப்பது அந்த வீட்டுப் பாட்டி. சிரித்துக்கொண்டே அவள் கண்ணீர் விடும் காட்சியில் பெட்டி கேப்ரியலின் நடிப்பு உலுக்கிவிடுகிறது. ஆனால் அவள் நிஜப் பேரென்ன, யார் பெற்ற பிள்ளை? படம் கேட்பதேயில்லை. ஆணுக்கு மீட்சி, பெண்ணுக்குக் கண்ணீர்.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. போலீஸ் விளக்கு தெரிந்ததும் நமக்கு நெஞ்சடைக்கிறது. வந்திறங்குவதோ நண்பன் ராட். முதலில் எடுத்த முடிவில் கிறிஸ் சிறைக்குப் போகிறான். பீல் பிறகு மாற்றினார். பழையதுதான் யதார்த்தம் என்று வாதிடலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காப்பாற்ற வேண்டிய விளக்கைப் பார்த்தே நடுங்குகிறோம் என்றால் யதார்த்தத்தைப் படம் சொல்லியாயிற்று. அதன் பிறகு அவனைப் பிழைக்க விடுவதும் அரசியல்தான். நம்மாள் தோற்றால்தான் கலை என்று எவன் சொன்னது?