‘ஓடுகிறதைத் தொடாதே’ என்பது சரிதானா?

நம் பக்கத்துச் சிறு நூலகங்கள், சங்கங்கள், அறக்கட்டளைகள் பலவும் இப்போது பேரேட்டைக் கணினிக்கு மாற்றிவிட்டன. நல்ல காரியம். லினக்ஸை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போகிறவர், போகிற போக்கில் ஓர் உபதேசமும் சொல்லிவிட்டுப் போகிறார்: “ஓடுகிறதைத் தொடாதீங்க சார்.” நிர்வாகிகளும் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறான உபதேசம் என்பது என் கட்சி.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். ஒரு பத்திரம் பதியப் போகிறோம். மூலப்பத்திரம் வேண்டும், வில்லங்கச் சான்று வேண்டும், சொத்து தகப்பனார் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வேண்டும். ஒன்று குறைந்தாலும் சார்பதிவாளர் திருப்பி அனுப்பிவிடுவார். லினக்ஸில் மென்பொருள் பொதிகளும் இப்படித்தான். “எனக்கு இன்ன பொதி, இன்ன பதிப்புக்குக் குறையாமல் வேண்டும்”, “இன்னாரோடு ஒரே வீட்டில் இருக்கமாட்டேன்” என்று ஒவ்வொன்றும் தன் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. இதற்குச் சார்பு என்று பெயர். டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் இவற்றையெல்லாம் படித்து ஒப்பிட்டுச் சொல்லும் எழுத்தர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஆப்ட்.

தரவுத்தளத்தில் இது ஒரு குடும்பக் கதையாகவே ஆகிவிட்டது. மைக்கேல் விடேனியஸ் என்பவர் தம் மூத்த மகள் மை பெயரால் உருவாக்கியது மைஎஸ்க்யூஎல். 2008இல் அந்த நிறுவனத்தை சன் வாங்கியது. 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. இதைப் பிடிக்காத விடேனியஸ் 2009இலேயே தனிக்குடித்தனம் போய், இளைய மகள் மரியா பெயரால் மரியாடிபியைத் தொடங்கிவிட்டார். 2017இல் வந்த டெபியன் 9, அக்காளை விட்டுத் தங்கையை இயல்பான தரவுத்தளமாக ஏற்றுக்கொண்டது. இருவருக்கும் வாசல் எண் 3306 தான். ஒரே கணினியில் இருவரையும் வழக்கமான முறையில் குடிவைக்க ஆப்ட் சம்மதிக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு நூலகத்தில் இதனால் ஒரு சங்கடம் வந்தது. பெயர் வேண்டாம். அங்கே இருந்தது மரியாடிபி. மைஎஸ்க்யூஎல் 8 வேகமானது என்று யாரோ சொல்ல, பகுதிநேரமாக வருகிற தம்பி வெளிக் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்து அதை நிறுவப் போனார். நிறுவப்படுபவை இவை, நீக்கப்படுபவை இவை என்று ஆப்ட் பெரிய பட்டியல் போட்டது. நீக்கப்படுபவற்றில் மரியாடிபியும் இருந்தது, அதை நம்பியிருந்த நூலக மென்பொருளும் இருந்தது. கடைசியில் “தொடரலாமா?” என்று கேட்டது. தம்பி ‘ஆம்’ தட்டிவிட்டார். தங்கை எழுதிய கோப்புகளை அக்காளால் திறக்கமுடியவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூன்று பேர் ஆறு வருஷம் உட்கார்ந்து தட்டிய பட்டியல் அது. அவர்களில் ஒருவர் இப்போது இல்லை. எல்லாம் போயிற்று என்று நாலு நாள் எல்லோரும் கலங்கிப்போனார்கள். நல்லவேளை, இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த பிரதி ஒன்று பென் டிரைவில் இருந்தது. மரியாடிபியைத் திரும்ப ஏற்றி, அதில் பிரதியைக் கொட்டினார்கள். இடைப்பட்ட இரண்டு மாதப் புத்தகங்களைக் காகிதப் பதிவேட்டைப் பார்த்து மறுபடி தட்டினார்கள்.

பிறகு நிர்வாகக்குழு கூடி, “இனி யாரும் தொடக்கூடாது” என்று தீர்மானம் போட்டது. அதுதான் எனக்கு வருத்தம். பட்டியலைப் படிக்காததற்கு மேம்படுத்தலைத் தண்டித்தால் எப்படி?

தொடாமல் விட்டால் என்ன ஆகும்? உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கே வழக்கமான ஆதரவு 5 வருஷம்தான். மைஎஸ்க்யூஎல் 5.7க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஓட்டை அடைக்க ஆள் இல்லை. பத்து வருஷம் கழித்து ஒரேயடியாகத் தாண்டவும் முடியாது. டெபியனில் ஒவ்வொரு பதிப்பாகத்தான் ஏறவேண்டும். 5.6இல் இருக்கும் மைஎஸ்க்யூஎல், 5.7க்கு வந்துதான் 8.0க்குப் போகலாம். நமக்குப் புரியாத விஷயமா இது? பாளையங்கால்வாயில் மேல்குளம் பெருகி மறுகால் பாய்ந்தால்தானே அடுத்த குளத்துக்குத் தண்ணீர்? நடுவில் ஒன்றைத் தூர் வாராமல் விட்டால் கடைமடைக்காரன் கதி என்ன?

நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பிரெஞ்சில் ‘கிராத்துயி’ என்றால் காசில்லாதது, ‘லீப்ர்’ என்றால் கட்டற்றது. 2007 வாக்கில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. சி-டாக், டெபியனை வைத்து பாஸ் லினக்ஸைக் கொடுத்தது. அதெல்லாம் ‘லீப்ர்’ என்ற நோக்கத்தில் நடந்தவை. நம் சங்கத்துக்காரர்கள் காதில் விழுந்ததோ ‘கிராத்துயி’ மட்டும்தான். காசு கொடுக்காததால் பராமரிப்புக்கும் காசு ஒதுக்கவில்லை. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கப் பணம் வைக்கிறார்கள். இதற்கு ஒரு வரி கிடையாது.

சங்கச் செயலாளர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வருஷத்துக்கு இரண்டு நாள் இதற்கென்று ஒதுக்குங்கள். முதலில் தரவு முழுவதையும் பிரதி எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சந்திப்புப் பக்கம் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டாம். அந்தப் பிரதி திறக்கிறதா என்று பழைய கணினி ஒன்றில் ஏற்றிப் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி பிரதியே இல்லை. வெளிக் களஞ்சியம் ஏதாவது சேர்த்திருக்கிறதா, எந்தப் பொதியையாவது நிறுத்திவைத்திருக்கிறதா என்று கேளுங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆப்ட்-கெட்டில் ‘சிமுலேட்’ என்று ஒரு வழி உண்டு. எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். அதை அச்செடுத்து, ‘நீக்கப்படுபவை’ என்ற தலைப்பின் கீழ் உள்ளதைக் கடைசி வரி வரை படியுங்கள். தெரியாத பெயர் இருந்தால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். முரணை மீறிக் கட்டாயப்படுத்தும் கட்டளையை மட்டும் யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள்.

ஆங்கிலம் தடையென்றால், நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அது ‘கிராத்துயி’, ‘லீப்ர்’ இரண்டும்தான்.

சர்க்கார் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! குறிப்பைக் கடைசி வரை படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று நமக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. கணினி தெரிந்த இளைஞர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை வாய்விட்டுப் படிக்க நம்மால் முடியும். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.