கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கலாமோ?

நம்மவர் வாழ்வில் ஒரு புதுத் தெய்வம் குடிகொண்டுவிட்டது. அதற்குக் கோயில் இல்லை, கொடியேற்றம் இல்லை, ஆயினும் அதற்கு இடப்படும் பலிகளுக்கு மட்டும் கணக்கே இல்லை. அத்தெய்வத்தின் பெயர் உத்தியோக உயர்வு. அதன் சந்நிதியில் உடல்நலம் பலியாகிறது. இல்லற இன்பம் பலியாகிறது. மக்கட்பாசம், நட்பு, நூற்பயிற்சி, பொதுத்தொண்டு யாவும் ஒன்றன்பின் ஒன்றாகப் பலியாகின்றன. இவ்வளவையும் கொடுத்துப் பெறும் வரம் யாது? மேசைமீது ஒரு பெயர்ப்பலகையும், மாதக் கடைசியில் சில நூறு வெள்ளி அதிகமும் அன்றோ! கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்று நம் முன்னோர் எள்ளி நகைத்தது இத்தகைய வாணிபத்தையே.

இம்மோகம் பிறந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்வாளி சுமந்து, லயத்து அறையில் முடங்கிய நம் பாட்டன் பாட்டிமார், தம் மக்களில் ஒருவனேனும் பேனா பிடிக்க வேண்டும் என்று ஏங்கினர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும் அப்பள்ளிகளிற் பல ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. அங்கிருந்து பட்டணத்து ஆங்கிலப் பள்ளியை எட்டிப் பிடித்தவர் மிகச் சிலரே. அச்சிலருக்கு உத்தியோகம் என்பது லயத்திலிருந்து விடுதலை. இதை நாம் மறுக்கவில்லை. அன்று வழியாய் இருந்ததை இன்று முடிந்த முடிபாக்கிக் கொண்டோமே, அதையே நாம் கண்டிக்கிறோம்.

உத்தியோகத்தைத் தலைமேல் தூக்கி வைத்தவன் முதலில் இழப்பது தன் சொந்த மக்களை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும் என்பது ஒன்று. வெள்ளைத் துரைமார் எதிரில் மட்டுமன்றி, ஆசியச் சிப்பந்திகள் எதிரிலும் சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பது மற்றொன்று. யார் அந்தச் சிப்பந்தி? கிராணியும் அவர்களில் ஒருவன் அன்றோ! தொழிலாளி இறங்கி ஒதுங்கி நிற்க, இவன் நிமிர்ந்து போனான். அதனால் இவன் எய்திய பேறு என்ன? துரைமாரின் கிளப்பில் இவனுக்கு நாற்காலி இல்லை. லயத்துத் திண்ணையிலும் இவனுக்கு ஒரு நண்பன் இல்லை. இரண்டு கரைக்கும் நடுவே தனித்து நின்றதுதான் அந்தப் பதவியின் பலன்.

நிற்க. அக்காலம் போயிற்று, துரைமார் போயினர், சைக்கிளும் போயிற்று. வழிபாடு மட்டும் போகவில்லை.

வேலைக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது உலகத் தொழிலாளர் நெடுங்காலம் போராடிப் பெற்ற உரிமை. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1919இல் இயற்றிய முதல் உடன்பாடே, தொழிற்சாலை வேலையை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்த சட்டத்திருத்தம், வார வேலையை 45 மணியாகக் குறைத்தது. மனைவியின் பேறுகாலத்தில் கணவனுக்குச் சம்பளத்தோடு 7 நாள் விடுப்பும் அளித்தது. தொழிலாளி போராடிப் பெற்ற இவ்வெல்லையைப் படித்தவன் என்ன செய்கிறான்? மேலதிகாரியின் ஒரு புன்னகைக்காக இனாமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்! வெட்டுக்காரர் தம் வேலை முடிந்ததும் கத்தியை வைத்துவிட்டு வீடு செல்கிறார். நம் கிராணிமாரோ செக்ரோல் முடிக்கும் நாட்களில் இரவெல்லாம் விளக்கெரிப்பது போதாதென்று, மற்ற நாட்களிலும் கைத்தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்தே உறங்குகின்றனர். இரவு பத்து மணிக்கு மானேஜர் அனுப்பும் வாட்சாப் செய்திக்கு முதலில் பதில் எழுதுபவர் யார் என்பதில் போட்டி! சட்டம் தந்த 7 நாளை உதறிவிட்டு, பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே, "நான் இல்லாமல் ஆபீஸ் நடக்காது" என்று ஓடி வருவோரும் உளர். இதற்குக் கடமையுணர்ச்சி என்று பெயராம்! நாம் இதை அடிமையுணர்ச்சி என்போம்.

உடல் இந்த அடிமைத்தனத்தை மன்னிப்பதில்லை. வாரத்துக்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவர்க்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்பவரைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், இருதய நோயால் மாளும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நீண்ட நேர வேலையால் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 745,000 பேர் இவ்விரு நோய்களுக்கும் இரையாயினர் என்பதும் அவ்வாய்வின் கணக்கே.

வீட்டில் நேரும் நட்டத்துக்கோ எந்தக் கணக்கும் இல்லை. தகப்பன் வந்ததை மோட்டார் சைக்கிள் ஓசையால் மட்டும் அறிந்து, முகம் பார்க்குமுன் உறங்கிவிடும் குழந்தைகள் எத்தனை! மகளின் தேர்ச்சிப் புத்தகத்தில் கையெழுத்திடும் தந்தை, அவள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார். மனைவியோ கணவன் உயிரோடிருக்கையிலேயே ஒற்றை ஆளாகக் குடும்பம் நடத்துகிறாள். அவளும் வேலைக்குச் செல்பவளாயின், அவள் தோளில் இரண்டு நுகத்தடி. ஆடவன் பதவியேற்றத்துக்கான விலையைப் பெண் செலுத்துகிறாள். மாலை மட்டும் அவன் கழுத்தில் விழுகிறது.

"இவ்வளவும் பிள்ளைகளுக்காகத்தானே!" என்பர் சிலர். வறியவன் வயிற்றுப்பாட்டுக்காக இரவும் உழைத்தால் நாம் அவனை வணங்குகிறோம். அவனுக்குப் போதிய கூலி தராத முதலாளியையே குற்றம் சாட்டுவோம். ஆனால் உணவுக்கும் படிப்புக்கும் போதிய வருமானம் வந்த பின்னும், அடுத்த நாற்காலிக்காக ஓடுகிறவன் பிள்ளையின் பெயரைச் சொல்வது வெறும் சாக்கு. பிள்ளை கேட்பது தந்தையை. அவர் கொடுப்பது தவணையில் வாங்கிய காரை.

தோட்டத்து உத்தியோகத்தில் இன்னொரு கொடுமையும் உண்டு. குடியிருக்கும் வீடே வேலையைச் சேர்ந்தது. 60 வயதில் ஓய்வு பெறும் நாளில் மாலை விழும், தேநீர் விருந்து நடக்கும், சுவர்க்கடிகாரம் ஒன்று பரிசாகக் கிடைக்கும். உடனே வீட்டுச் சாவியையும் ஒப்படைக்க வேண்டும். நாற்காலியில் மறுநாளே வேறொருவர் அமர்வார். அவ்வளவு ஏன்? தோட்டமே விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாவதை நாம் கண்ணாரக் காண்கிறோம். உத்தியோகம் ஒன்றையே உறவாகக் கொண்டவன் அன்று எவ்வீட்டுக்குச் செல்வான்? எவரோடு பேசுவான்? பழகாத மகன், மறந்துபோன நண்பன், திறவாத புத்தகம். இவையே அவனுக்கு எஞ்சிய சேமநிதி.

அன்பர்களே! சோம்பியிருங்கள் என்று நாம் சொல்லவில்லை. சோம்பல் நம் சமூகத்தை உயர்த்தாது. வேலை நேரத்தில் பழுதறப் பணி செய்யுங்கள். உயர்வு வந்தால் தலைநிமிர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மணி அடித்தபின் உள்ள பொழுது உங்களுடையது. அதை எவர்க்கும் இனாமாக எழுதிக் கொடாதீர். அப்பொழுதில் குழந்தையோடு உண்ணுங்கள்; மனைவியோடு பேசுங்கள்; ஒரு நூலேனும் படியுங்கள்; லயத்துப் பிள்ளை ஒன்றுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். விடுப்பு உரிமையாயின் அதை முழுவதும் எடுங்கள். விடுப்பெடுத்த தோழனைக் குறை கூறும் கோழைத்தனத்தை விடுங்கள். நம் பாட்டனார் நமக்குப் பேனா வேண்டும் என்று விரும்பியது நாம் மனிதராய் வாழ்வதற்கே. மற்றொரு வகைக் கூலியாய் மடிவதற்கன்று. இதைக் கிராணிமாரும், கிராணியாக விழையும் இளைஞரும் சிந்திப்பார்களாக!