மோட்டார் வண்டியோ, புகையிரதமோ?

சென்ற மாதம் நம் பழைய மாணவர் ஒருவர் நம்மைக் காண வந்தார். மண்டூரிற் பிறந்தவர், கொழும்பில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராய் அமர்ந்து மூன்றாண்டு நிறைகின்றது. கையில் ஒரு பத்திரம் இருந்தது. தவணைக் கடனில் மோட்டார் வண்டி வாங்கப் போகின்றாராம். பிணைக் கையொப்பம் நம்முடையதாய் இருத்தல் வேண்டுமாம். "வெள்ளிக்கிழமை அலுவல் முடிந்ததும் புறப்பட்டால் நள்ளிரவு கழியும்போது வீட்டு வாசலில் நிற்பேன், ஐயா. ஞாயிறு இராச் சோறு அம்மா கையால் உண்டுவிட்டுத் திரும்பலாம்" என்றார்.

கையொப்பமிட நம் பேனா எழவில்லை. மறுக்கவும் நா எழவில்லை. இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. படுவான்கரையிலே தலைநகரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளை உடைய குடும்பங்கள் பலவற்றின் கேள்வி. ஆகவே, முன்னோர் பெருமை பேசுவதற்கென்றே பெரும்பாலும் ஒதுக்கப்படும் இவ்விழா மலரில், இப்பொருள் பற்றிச் சில பக்கங்களைக் கேட்டுப் பெற்றோம்.

மண்டூர் கந்தவேள் கோயிலாற் பெயர் பெற்ற ஊர். ஆயின், ஊரை விட்டு வெளியேறுதல் அங்கு என்றுமே எளிதாய் இருந்ததில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் அஃது அமைந்திருக்கின்றது. நெடுஞ்சாலையும் பெருங்கடைத் தெருக்களும் எதிரேயுள்ள எழுவான்கரையில். குருமண்வெளித் துறையைத் தோணியிற் கடந்தே தலைமுறை தலைமுறையாக மக்கள் சென்று வந்தனர். 1899 இல் மண்டூரிற் பிறந்த புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை தமது இளமையில் யாழ்ப்பாணஞ் சென்று கற்றவர். அக்காலத்தில் மட்டக்களப்புக்குப் புகையிரதமே கிடையாது. அது வந்து சேர்ந்தது 1928 இலேதான். வந்த பாதையும் மட்டக்களப்புப் பட்டினத்தோடு முடிந்துவிட்டது. கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ இன்றளவும் ஒரு முழத் தண்டவாளமும் நீளவில்லை.

ஆகவே நம் இளைஞர் புகையிரதத்தை வெறுப்பதற்குக் காரணம் சோம்பலன்று. அவர் கணக்கைக் கேளுங்கள். கொழும்புக் கோட்டையில் இரவு ஏறி, ஏறத்தாழ 350 கிலோமீற்றர் வந்து, விடியலில் மட்டக்களப்பில் இறங்குகின்றார். அங்கே அவருக்காகக் காத்து நிற்பது எதுவுமில்லை. பேருந்து நிலையம் வரை நடை, களுவாஞ்சிகுடிப் பக்கம் 30 கிலோமீற்றர் அளவு பேருந்து, பின்னர் துறை, துறையில் அக்கரைப் படகு இக்கரை வரும்வரை காத்திருப்பு. வீடு சேர்கையில் சனிக்கிழமையின் காலைப்பொழுது கழிந்துவிடுகின்றது. ஞாயிறு மதியமே மீண்டும் மூட்டை கட்ட வேண்டும். முந்நூற்றைம்பது கிலோமீற்றர் தராத களைப்பைக் கடைசி முப்பது கிலோமீற்றர் தருகின்றது என்று அவர் சொன்னது முற்றிலும் உண்மை. மோட்டார் வண்டியோ பட்டிருப்புப் பாலத்தால் ஏறி முற்றத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும். 2014 இல் மண்முனைப் பாலந் திறந்த பின்னர் கொக்கட்டிச்சோலைப் பகுதியாருக்கும் இவ்வசதி கிட்டியது. பாலம் வந்தவிடத்தில் மோட்டார் வண்டியின் மேல் ஆசை பிறப்பது இயல்பே.

ஆயினும் ஒன்றை அவர் கணக்கிற் சேர்க்கவில்லை. பகல் முழுதும் கோப்புகளோடு போராடிய ஒருவர், மாலை ஐந்து மணிக்குமேல், தனியராய், குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலநறுவை, வெலிக்கந்தை எனச் சக்கரத்தைப் பிடித்தபடி எட்டு மணி நேரம் விழித்திருத்தல் வேண்டும். ஹபரணைக்கு அப்பால் இருமருங்கும் காடு. யானை எவ்விடத்தில் வீதியைக் கடக்குமென்று எவருஞ் சொல்ல முடியாது. ஞாயிறு இரவு அதே வழியில் திரும்பினால் திங்கட்கிழமை நேரே மேசைக்குச் செல்ல வேண்டும். அம்மா கையால் உண்ட சோறு இமையை அழுத்தும் நேரமும் அதுவே. 2023 யூலை 9 ஆம் நாள் இரவு மனம்பிட்டிக்கு அண்மையில் நம் பக்கம் நோக்கி வந்த பேருந்தொன்று பாலத்தினின்று ஆற்றில் வீழ்ந்து, பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. அது தொழில்முறைச் சாரதி ஓட்டிய வண்டி. அலுவலகத்திலிருந்து வரும் எழுதுவினைஞர் அவரினுந் தேர்ந்த சாரதியாகிவிடுவாரோ?

மனம்பிட்டி என்றதும் பழைய நினைவொன்று எழுகின்றது. மகாவலி கங்கைக்குக் குறுக்கே அங்கு நின்ற இரும்புப் பாலம் ஒன்றே. புகையிரதமும் அதன்மேல், மோட்டார் வண்டியும் அதன்மேல். புகையிரதம் வரும்போது வாகனங்கள் யாவும் ஓரமாய் நின்று வழிவிடும். ஓட்டமாவடியிலும் அவ்வாறே. மனம்பிட்டியில் வீதிக்கெனத் தனிப் பாலம் 2007 இல் அமைந்தது. நல்லதே நடந்தது, எனினும் அவ்வாறு வழிவிட்டுக் காத்திருந்த காலத்தில், பெரிய பயணத்திற்கு உரியது எது என்பதில் எவருக்கும் ஐயமிருந்ததில்லை.

இனிப் பணம். மண்டூரிலிருந்து கொழும்பைக் குறைத்து 300 கிலோமீற்றர் என்றே கொள்வோம். போய்வர 600. லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடுமாயின் 50 லீற்றர் பெற்றோல். லீற்றர் 300 ரூபா என வைத்தால் ஒரு பயணத்திற்கு 15,000 ரூபா. நான்கு வாரத்திற்கு 60,000 ரூபா. கடன் தவணை, காப்புறுதி, சக்கரத் தேய்வு எல்லாம் இதற்கு மேல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்புருவரியில் மீண்டும் திறக்கப்படும் வரை பழைய வண்டிகள் விற்ற விலையும் நாம் அறிந்ததே. 2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டபோது, வண்டி வைத்திருந்த செல்வரும் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். தவணை மட்டும் ஒரு மாதமும் வரிசையில் நிற்கவில்லை. குறித்த நாளில் வந்து கதவைத் தட்டியது. தங்கையின் கலியாணத்திற்கு வைத்த பணம் அவ்வழியே போன வீடுகளையும் நாம் கண்டிருக்கின்றோம்.

புகையிரதத்தைக் குறையற்றதென்று நாம் கூறவில்லை. ஒற்றைத் தண்டவாளம், எதிர் வண்டிக்காக நிலையங்களிற் காத்திருப்பு, திருவிழாக் காலமெனின் ஆசனப் பதிவு திறந்த கணமே முடிந்துவிடும். ஆவணித் தீர்த்தத்திற்கு வர விரும்பிக் கழிவறை வாசலில் நின்றபடி வந்தவர் பலர். 2025 பெப்புருவரியில் ஹபரணைப் பக்கத்தில் 'மீனகயா' கடுகதி யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. ஆறு யானைகள் மாண்டன. பயணிகள் உயிர் தப்பினர். வெள்ளம் பாதையை அரித்தால் ஓட்டமே நின்றுபோவதுமுண்டு. இத்தனைக்கும் பின்னரும் நாம் புகையிரதத்தின் பக்கமே நிற்பதற்குக் காரணம் ஒன்று: அங்கே உறங்கலாம். உறங்கியவர் உயிரோடு இறங்குகின்றார். அரசாங்க உத்தியோகத்தருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் வாரண்டுச் சீட்டைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுப் பெற்றோலுக்குக் கடன்படுவது எவ்வகைக் கணக்கென்பது நமக்கு விளங்கவில்லை. கல்முனையிலிருந்து களுவாஞ்சிகுடி வழியாகச் செல்லும் இரவுப் பேருந்துகளும் உள. சக்கரம் நம் பிள்ளையின் கையில் இல்லை என்ற அளவில் அதுவும் நன்றே.

எனின், அந்தக் கடைசி முப்பது கிலோமீற்றர்? ஈண்டுதான் பழைய மாணவரை நோக்கி நாம் பேச விரும்புகின்றோம். சுவிற்சர்லாந்தில் வாழும் நம்மவர் விடுமுறைக்கு வரும்போது வியந்து கூறுவது ஒன்றுண்டு: அங்கே மலையடிக் கிராமத்திலும் புகையிரதம் வந்து நிற்கும் நேரத்திற்குப் பேருந்தும் வந்து நிற்கும். 1982 முதல் அந்நாட்டு நேர அட்டவணையே அவ்வாறு ஒன்றோடொன்று இணைத்து வகுக்கப்பட்டது. அதற்கு முதலிற் பொன்னும் பொருளும் வேண்டுவதில்லை. இரு திணைக்களங்கள் ஒரே கடிகாரத்தைப் பார்த்தால் போதும். விடியல் வண்டி மட்டக்களப்பில் நின்ற அரைமணி நேரத்துள் பட்டிருப்புப் பாலத்தால் வெல்லாவெளி, மண்டூர் நோக்கி ஒரு பேருந்து புறப்படட்டும். நிலையத்தருகே மோட்டார்ச் சைக்கிளை இரண்டு நாள் நம்பி விட்டுச்செல்லக் கூரையிட்ட தரிப்பிடம் ஒன்று அமையட்டும். நம் சங்கத்தில் திணைக்களங்களில் உயர்பதவி வகிப்போர் உளர். பேருந்து உரிமையாளரும் உளர். விழா மண்டபத்திற்குப் புதிய நாற்காலி வாங்குவது பற்றி மூன்று கூட்டங்களில் பேசிய நாம், இதைப் பற்றி ஒரு கூட்டத்திற் பேசலாகாதா?

இவ்வளவையும் அவ்விளைஞரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அந்தப் பேருந்து வரும்வரைக்கும் நான் என்ன செய்ய, ஐயா?" என்றார். வண்டிக்குப் பதிலாக ஒரு மோட்டார்ச் சைக்கிள் வாங்கி, மட்டக்களப்பு நிலையத்திற்கும் வீட்டுக்கும் இடையில் மட்டும் அதை ஓட்டும்படியும், வாரந்தோறும் வாராது மாதம் இருமுறை வரும்படியும் கூறினோம். அதற்கெனின் பிணை கையொப்பமிடத் தயார் என்றோம். அம்மாவிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கின்றார். பழைய பத்திரம் இன்னும் நம் மேசையிற் கிடக்கின்றது.