மிதக்கும் பொய்யிரைக்கு எந்த முடிச்சு?

கடலாடி வட்டாரக் கரையில், மூக்கையூர் முதல் வாலிநோக்கம் வரை, வள்ளத்தில் சென்று தூண்டில் போட்டுப் பிழைப்போர் இன்றும் பலர் உளர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கட்டுண்டு கிடக்கும் 61 நாட்களிலும் நாட்டுப்படகுகளின் தொழில் ஓய்வதில்லை. அவர்களோடு, விடுமுறைக்கு ஊர் திரும்பும் இளைஞர்களும் கோலும் ரீலும் ஏந்தி நீரோரம் நிற்பதை இப்போது காண்கிறோம். அவ்விளைஞர் கையில் இருப்பது பெரும்பாலும் உயிரிரை அன்று. நீர்மட்டத்தில் மிதந்து துள்ளும் பொய்யிரை. அதனை நரம்பில் எவ்வாறு கட்டுவது என்னும் கேள்வியையே இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால், வீசும் வேகத்தில் முடிச்சு அவிழ்ந்தால், மும்முனை முட்கள் இரண்டைச் சுமந்த மரக்கட்டை ஒன்று கரையில் விளையாடும் பிள்ளைகள் நடுவே பாய்கிறது. மீன் பிடித்திழுக்கும்போது முடிச்சு நழுவினாலோ, அந்த மீன் முட்களோடு கடலில் அலைந்து சாகிறது. தூண்டிற்காரருக்கு ஒரு நாள் வரும்படிக்குச் சமமான பொய்யிரையும் போகிறது. அறுந்து மிதக்கும் நரம்பு ஆமைகளின் கழுத்திலும் துடுப்பிலும் சுற்றிக்கொள்வதும் உண்டு. ஒரு சாண் நரம்பில் நாம் காட்டும் அசட்டைக்கு இத்தனை பேர் விலை கொடுக்க நேர்கிறது.

முடிச்சு நம் கரைக்குப் புதிதன்று. கட்டுமரம் என்ற பெயரே கட்டினால் வந்தது. மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குச் செலுத்தி, கரை சேர்ந்ததும் அவிழ்த்துக் காயவைப்பார்கள். அப்பெயரை ஆங்கிலேயர் எடுத்துச் சென்று தம் மொழியிலே சேர்த்துக்கொண்டனர். ஆனால் அக்கட்டுகளுக்குரிய கயிறு சொரசொரப்பானது. தன்னைத் தானே பற்றிக்கொள்ளும். 1938இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட நைலானோ வழவழப்பானது. நம் மீனவர் தங்கூசி என்று சொல்லும் நரம்பு இந்த நைலானே. கயிற்றுக்குப் போதுமான முடிச்சு இதில் நில்லாது. சுற்றுகள் கூடுதலாக வேண்டும்.

பொய்யிரை மீனை ஏமாற்றுவது நிறத்தால் மட்டுமன்று, நடையாலும்தான். பின்லாந்து நாட்டில் லௌரி ராப்பாலா என்ற மீனவர், பெருமீன்கள் கூட்டத்தை விட்டுத் தள்ளாடி நீந்தும் காயம்பட்ட சிறுமீனையே தேடிக் கவ்வுவதைக் கவனித்தார். 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த மினுமினுத் தாளை ஒட்டி, அவ்வாறு தள்ளாடும் மீனொன்றைச் செய்தார். இன்று அவர் பெயரில் ஒரு தொழில் நிறுவனமே உலகெங்கும் அறியப்படுகிறது. நீர்மட்டப் பொய்யிரையும் அதே தந்திரத்தால் வேலை செய்கிறது. குழிந்த முகமுடையது இழுக்கும்போது நீரைக் கொப்பளித்துச் சத்தமிடும். பென்சில் போல் நீண்டது இடமும் வலமுமாக நெளியும். பாரையும் ஊளியும் கட்டாவும் சீலாவும் மேலெழுந்து வருவது இந்த ஆட்டத்தைக் கண்டுதான்.

ஆகவே முடிச்சு அந்த ஆட்டத்தைத் தடுக்கலாகாது. முடிச்சுகளை இரு வகையாகக் கொள்ளலாம். ஒன்று, வளையத்தை இறுகப் பற்றிக்கொள்வது. யூனி, கிளிஞ்ச், பாலோமர் என்னும் பெயர்களால் வழங்குவன இவ்வகையின. மற்றொன்று, வளையத்தில் சிறு கண்ணியாகத் தொங்குவது. (மேல்நாட்டார் முடிச்சுக்கெல்லாம் பெயர் சூட்டி மகிழ்கின்றனர், நம் முன்னோர் கட்டிய எத்தனையோ முடிச்சுகள் பெயரின்றியே போயின.) இறுகு முடிச்சால் கட்டினால் பொய்யிரையின் மூக்கு நரம்போடு விறைத்து நிற்கிறது, சில வீச்சுகளுக்குப் பின் முடிச்சு வளையத்தின் ஓரம் ஒதுங்க, இரையும் ஒருபக்கம் சாய்ந்தே வருகிறது. கண்ணி முடிச்சில் இரை தன் விருப்பப்படி திரும்பும். மூக்கில் வெறும் கம்பி வளையம் மட்டும் உள்ள பொய்யிரைக்குக் கண்ணி முடிச்சே தக்கது என்பது நம் முடிவு.

அவற்றுள் எளிதும் வலியதும் நழுவாக் கண்ணி. நரம்பின் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி, இறுக்காமல் ஒற்றை முடிச்சு ஒன்று போடுங்கள். நுனியைப் பொய்யிரையின் வளையத்துள் கோத்து, அந்த ஒற்றை முடிச்சினுள் வந்த வழியே திரும்பச் செலுத்துங்கள். எந்தப் பக்கமாக வெளியே வந்ததோ அந்தப் பக்கமாகவே உள்ளே போகவேண்டும். இதில் தவறுவோரே மிகுதி, தவறினால் முடிச்சு கோணலாக அமர்ந்து வலுவிழக்கும். பின் நுனியைத் தாய்நரம்பின் மீது சுற்றுங்கள். மெல்லிய நரம்புக்கு ஏழு சுற்று, நடுத்தரத்துக்கு நான்கைந்து, தடித்ததற்கு மூன்று போதும். சுற்றியபின் நுனியை மீண்டும் அதே பக்கமாக ஒற்றை முடிச்சினுள் நுழைத்து, முதலில் நுனியை மெல்ல இழுத்துச் சுற்றுகளைச் சேர்த்து, பிறகு தாய்நரம்பையும் இரையையும் எதிரெதிரே இழுத்து இறுக்குங்கள். கண்ணி சுண்டுவிரல் நகத்தளவு இருந்தால் சரி. பெரிதானால் மும்முனை முள் அதில் சிக்கிக்கொள்ளும்.

இறுக்குமுன் முடிச்சை நனைக்க மறவாதீர்கள். உலர்ந்த நைலான் தன்மீதே உராயும்போது எழும் சூடு நரம்பின் மேற்பரப்பைக் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியாத அப்புண்ணில்தான் பிறகு அறும். வெடுக்கென இழுப்பதும் இதே காரணத்தால் ஆகாது. அன்றியும், வீசும்போது நரம்பின் நடுவே தானாக விழும் ஒற்றை முடிச்சை ஒருபோதும் அப்படியே விடலாகாது. அது நரம்பின் வலுவில் ஏறத்தாழப் பாதியைத் தின்றுவிடும். வெட்டி எறிய மனமில்லாதவர் மீனைத்தான் இழப்பார்.

நரம்பின் தன்மையையும் பார்க்கவேண்டும். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025, நைலானுடையது 1.14. ஆதலால் நைலான் மிக மெதுவாகவே தாழும். இப்போது பலர் விரும்பி வாங்கும் ஃப்ளோரோகார்பன் நரம்போ 1.78, அது கீழே அமிழ்ந்து, மிதக்கும் இரையின் மூக்கையும் கீழே இழுக்கும். நீருக்கடியில் செல்லும் இரைக்கு அது நன்று. மேலே துள்ளுவதற்கு நைலானே மேல். பாலிஎதிலீன் இழைகளால் ஆன பின்னல் நூல் மிதக்கும் இயல்பினது, மெல்லியது, மிக வலியது, ஆனால் வழுக்கும். அதனை இரையில் நேரே கட்டாமல், முன்னே ஒரு பாகம் தடித்த நைலானை இணைத்துக்கொள்வதே முறை. இவ்விணைப்பில் அனுபவசாலிகள் எஃப்.ஜி. என்னும் பின்னல் முடிச்சைப் போடுகின்றனர். கற்கப் பொறுமை வேண்டும். அதுவரை இரட்டை யூனி போதும்.

இறுகு முடிச்சுக்கும் இடமுண்டு. பெரும் பாரைக்கென விற்கும் கனத்த பொய்யிரைகளில் மூக்கிலே தனி வளையம் மாட்டியிருக்கும். ஆட்டத்துக்குரிய விடுதலையை அவ்வளையமே தந்துவிடுவதால், அங்கே இறுகு முடிச்சைப் போட்டு வலுவைக் காப்பதே அறிவு. பல்லுள்ள ஊளிக்கும் சீலாவுக்கும் நைலான் அறுபடும் என்று கம்பி கட்டுவது வழக்கம். நீளக் கம்பி இரையை அமிழ்த்திவிடும். ஒரு சாணுக்கு மிகாமல் கட்டினால் பாதகமில்லை. கடைகளில் கிடைக்கும் பெரிய கொக்கி மாட்டிகளை நாம் விரும்புவதில்லை. மாற்றுவது எளிதென்று வாங்குகிறார்கள். சிறிய இரையின் மூக்கில் அது கல் கட்டியது போல் இருக்கும்.

கண்ணி முடிச்சுக்கும் ஒரு குறை உண்டு. வளையம் எப்போதும் கண்ணியின் ஒரே இடத்தில் உராய்வதால் அங்கே நரம்பு தேயும். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள். கரையில் கட்டிப் பழகும் முன் வீட்டில் பழகுவது நலம். வில்தராசு ஒன்றைச் சன்னல் கம்பியில் மாட்டி, முட்களைக் கழற்றிய பொய்யிரையை அதில் தொடுத்து, நரம்பை மெல்ல இழுத்துப் பார்த்தால், எத்தனை கிலோவில் முடிச்சு விடுகிறது என்பது தெரிந்துவிடும். வேகமாக இழுப்பதும் முகத்தை நேரே வைத்திருப்பதும் கூடாது. அறும் நரம்பு கண்ணுக்குப் பகை. இருட்டில் கட்டவேண்டியிருக்கும் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு பத்துமுறை கட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. நல்லதண்ணித் தீவும் உப்புத்தண்ணித் தீவும் எதிரே தெரிகின்றன என்று ஆசைப்பட்டு அங்கே இறங்கிவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியின்றி இறங்குவது குற்றம். வெட்டிய நரம்புத் துண்டுகளை மணலில் போடாமல் சட்டைப்பையில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்; அடுப்பிலும் போடவேண்டாம், நைலான் உருகிக் கையில் ஒட்டும். பொடியாக நறுக்கிக் குப்பையில் சேர்த்தால் எதன் காலிலும் சுற்றாது.