குச்சிக்கட்டைப் பிரித்தால் கணக்கு வரும்

32-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் பல குழந்தைகள் 25 என்று எழுதுகிறார்கள். ஏழில் இரண்டு போக ஐந்து, மூன்றில் ஒன்று போக இரண்டு. கழிக்கத் தெரிகிறது, இடமதிப்பு புரியவில்லை.

அதே குழந்தையிடம் பத்துப் பத்தாகக் கட்டிய மூன்று ஈர்க்குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கொடுத்துப் பார்க்கலாம். ஏழு குச்சி எடுக்க உதிரி போதாது. ரப்பர் பேண்டைக் கழற்றி ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். இப்போது உதிரி பன்னிரண்டு; ஏழு போனால் ஐந்து. மீதமுள்ள இரு கட்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டால் விடை 15. ‘கடன் வாங்கும்’ வித்தை கண்முன்னே நடந்துவிடுகிறது.

இது புது யோசனையல்ல. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில் பத்துப் பத்தாக மணி கோத்த சரங்கள் செய்வதும் இதைத்தான். தமிழக அரசுப் பள்ளிகளும் செயல்வழிக் கற்றல், 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ ஆகிய திட்டங்கள் மூலம் இந்த வழியில் நடந்தவைதான்.

ஆனால், உடைந்துவிடும், தொலைந்துவிடும் என்று உபகரணங்களைப் பீரோவில் பூட்டினால் பயனில்லை. குச்சியை நகர்த்தும்போதே ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுத வைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் விளையாட்டாக நின்றுவிடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் குடிநீர், கழிப்பறை பற்றிக் கேட்கும் பெற்றோர், குச்சிக்கட்டு வாரத்தில் எத்தனை நாள் பிள்ளைகள் கைக்கு வந்தது என்றும் கேட்கலாம்.