ரோடு போட்டாச்சு, பேர்ப்பலகை எங்கய்யா?

ஒரு மாசமா ஆணி அதிகம், அதான் கடைப்பக்கம் வர முடியலை. வந்ததும் வராததுமா புலம்பல் பதிவுதான், மன்னிச்சுக்குங்க. பொட்டி தட்டாத நண்பர்களும் தைரியமா படிக்கலாம்.

எங்க தொழில்ல ஹைபிரிட் கிளவுட்னு ஒண்ணு உண்டு. கம்பெனியோட பாதி சர்வர் சொந்தக் கட்டடத்துல இருக்கும். மீதி மைக்ரோசாஃப்டோ அமேசானோ நடத்தற இடத்துல வாடகைக்கு இருக்கும். ரெண்டையும் இணைக்க லைன் போடணும். இதுக்கு நடக்கற மீட்டிங் இருக்கே... விபிஎன் போதுமா, எக்ஸ்பிரஸ்ரூட் வாங்கணுமா, ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு இருக்கான்னு கலர் கலரா படம் வரைவாங்க. அந்தப் படத்துல டிஎன்எஸ்னு ஒரு பொட்டியைத் தேடிப் பாருங்க. பெரும்பாலும் இருக்காது. கேட்டா, "அது சின்ன விஷயம்பா, கடைசில பாத்துக்கலாம்"னு பதில் வரும்.

என் கட்சி இதுதான்: டிஎன்எஸ்ஸைக் கடைசிக்குத் தள்ளற டிசைன், டிசைனே கிடையாது. லைனுக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி வரைய வேண்டிய படம் அது.

டிஎன்எஸ்ங்கறது பேரைச் சொன்னா விலாசம் சொல்ற ஆசாமி. அது இல்லாத காலத்துல, நெட்வொர்க்ல இருந்த அத்தனை மெஷின் பேரையும் ஹோஸ்ட்ஸ்னு ஒரே கோப்புல எழுதி வெச்சு எல்லாரும் பிரதி எடுத்துக்கிட்டாங்க. மெஷின் கூடக்கூட அது கட்டுப்படி ஆகலை. அதனாலதான் 1983ல பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைச்சார். இந்தக் கோப்பை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வரும்.

எங்க வாடிக்கையாளர் ஒருத்தருக்கு நாலஞ்சு ஆலை. மாசக் கடைசில சம்பளக் கோப்பு அவங்க கட்டடத்துலேர்ந்து அஷ்யூர் ஸ்டோரேஜுக்குப் போய், அங்கேர்ந்து பேங்குக்குப் போகணும். பாதுகாப்புக்காக அந்த ஸ்டோரேஜோட பொது வாசலை மூடி, பிரைவேட் எண்ட்பாயின்ட்னு உள்வாசல் ஒண்ணு திறந்தாங்க. அன்னிக்கு ராத்திரி கோப்பு போகலை. 403னு எரர். லைன் பச்சையா எரியுது. நெட்வொர்க் டீம் "எங்க பக்கம் ஓகே"ங்குது, அப்ளிகேஷன் டீம் "நெட்வொர்க்தான்"ங்குது. மூணு மணி நேரம் இந்தப் பட்டிமன்றம்.

விஷயம் என்னன்னா, கட்டடத்துல இருந்த டிஎன்எஸ் சர்வருக்கு உள்வாசல் பத்தி யாருமே சொல்லலை. அது வழக்கம்போல வெளியுலகத்தைக் கேட்டு, பொது விலாசத்தைக் கொடுத்துச்சு. கோப்பு அத்தனை காசு கொட்டின லைன்ல ஏறவே இல்லை. மூடின வாசல்ல போய் முட்டிக்கிட்டு நின்னுது.

டீம்ல ஒரு வருஷ அனுபவம் உள்ள தம்பி ஒருத்தன், சர்வரோட ஹோஸ்ட்ஸ் கோப்புல புது விலாசத்தைக் கையால எழுதினான். ஆமா, அதே கோப்புதான்! உடனே வேலை செஞ்சுது. எல்லாரும் கைதட்டினோம். ரெண்டு மாசம் கழிச்சு யாரோ அந்த எண்ட்பாயின்ட்டை அழிச்சுட்டுத் திரும்ப உருவாக்கினாங்க. விலாசம் மாறிடுச்சு, கோப்பு மாறலை. திரும்பவும் மாசக் கடைசி. இந்தத் தடவை ஆலைத் தொழிலாளிகளுக்குச் சம்பளம் ஒரு நாள் லேட்.

ரிப்போர்ட்ல என்ன எழுதினாங்க தெரியுமா? "மூல காரணம்: மனிதத் தவறு." பக்கத்துல அந்தத் தம்பி பேர். கலர் படம் வரைஞ்சவங்க பேர் எங்கேயும் இல்லை.

இத்தனைக்கும் சரியான வழி ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. அஷ்யூர்ல இந்த உள்பேர்களுக்குப் பதில் சொல்ற விலாசம் 168.63.129.16. கிளவுட்டுக்குள்ளேர்ந்து கேட்டாத்தான் அது வாயைத் திறக்கும். லைன் எவ்வளவு பெருசா இருந்தாலும் கட்டடத்துலேர்ந்து நேரா எட்டாது. அதனால கிளவுட்டுக்குள்ள ஒரு ரிசால்வர் வெச்சு, "ஸ்டோரேஜ் பேர் வந்தா இவரைக் கேளு"ன்னு கட்டடத்து டிஎன்எஸ்ல ஒரு விதி எழுதணும். முன்னெல்லாம் அந்த ரிசால்வரை நாமளே கட்டி மேய்க்கணும். அமேசான் 2018லேர்ந்தும் அஷ்யூர் 2022லேர்ந்தும் ரெடிமேடாவே தர்றாங்க. இன்னும் என்ன சாக்கு?

"எக்ஸ்ட்ரா செலவு"ம்பாங்க. ஒரு லைன் அறுந்தாங்கற பயத்துல ரெண்டாவது லைன் வாங்கறப்ப வராத கணக்கு, இதுக்கு மட்டும் எப்படி வருது? "டிஎன்எஸ் போனா என்ன பெருசா ஆயிடும்"பாங்க. 2025 அக்டோபர் 20ல அமேசானோட வர்ஜீனியா பகுதில டைனமோடிபிங்கற ஒரு சேவையோட பேருக்கு எதிரே விலாசமே இல்லாம காலியாப் போச்சு. அந்த ஒரு காலி இடத்தால உலகம் பூரா எத்தனையோ ஆப் படுத்துச்சு. அவங்களுக்கே அந்தக் கதின்னா...

அடுத்த டிசைன் மீட்டிங்ல உட்காரப்போற நண்பர்களே, நாலே கேள்வி கேளுங்க. எந்தப் பேர்? யார் கேக்கறாங்க? யார் பதில் சொல்றாங்க? லைன் அறுந்தா அப்ப யார் சொல்லுவாங்க? இதுக்குப் பதில் இல்லாத படத்துக்குக் கையெழுத்துப் போடாதீங்க.

நான் கேக்கலை. அந்த முதல் மீட்டிங்ல நானும் ஒரு ஓரமா உக்காந்துட்டுத்தான் இருந்தேன், வாயே திறக்கலை. நேத்து டேமேஜருக்கு மெயில் போட்டேன், ரிப்போர்ட்ல தம்பி பேரை எடுத்துட்டு டிசைன் தவறுன்னு எழுதுங்க, என் பேரையும் சேத்துக்குங்கன்னு. இன்னும் பதில் வரலை.